பேதுருவுக்கு இரண்டு தரம் சீட்டு

போன வாரம் புடவைக் கடையில் சணல் பை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கூடாதாம். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புடவை தப்பித்தது, பை நனைந்துவிட்டது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் மாட்டி வைத்தேன். அரை மணி நேரத்தில் வீடு முழுக்க அந்த வாசனை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் வைக்கோல், ஊறப்போட்டு மறந்துபோன கயிறு கொஞ்சம். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன அத்தை, ஒரே கோணி நாத்தம்" என்றாள். ஊருக்கெல்லாம் அது கோணி நாற்றம்தான். எனக்கு அது அப்போஸ்தலர்களின் வாசனை. இதை அவளிடம் சொன்னால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், இருபத்துமூன்று வயதில், கல்கத்தாவில் எனக்கு வேலை கிடைத்தது. கார்டன் ரீச் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பாளையங்கோட்டையைத் தாண்டி மதுரைகூடச் சரியாகப் பார்க்காதவள் நான். ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹவுராவில் வந்து இறங்கினேன். நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அப்பாவின் கடிதம் அங்கிருந்த தமிழ்ச் சபைப் பாஸ்டருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மகளைப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். "தமிழ் தடையில்லாமல் வாசிப்பாள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரியால் நான் அகப்பட்டேன். அந்தச் சபையில் தமிழைத் தடையில்லாமல் வாசிக்கிற ஆள் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே என்னைச் சண்டே ஸ்கூல் டீச்சர் ஆக்கிவிட்டார்கள். பாடம், இயேசுவின் முதல் சீடர்களான அப்போஸ்தலர்கள். பன்னிரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லச் சொன்னால் எட்டில் நின்றுவிடுவேன்.

எங்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. கிதர்பூர் பக்கம் வங்காளிச் சபை ஒன்றின் கூடத்தை ஞாயிறு மத்தியானங்களில் எங்களுக்கு விட்டிருந்தார்கள். வரும் பிள்ளைகள் துறைமுகத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள். எல்லாம் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவை. வீட்டில் பேசும் தமிழ் காதுக்குத் தெரியும், எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் நாளே "தீதி" ஆகிவிட்டேன். வங்காளியில் அக்கா.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் அதை வங்காளி எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். அதில் ஒரு வில்லங்கம். அந்த எழுத்தில் நம் 'வ'வுக்குத் தனியாக இடம் இல்லை, திருப்பி வாசிக்கும்போது அது 'ப' ஆகிவிடும். யோவான் யோபான் ஆனார். அதுகூடப் பரவாயில்லை. வானத்திலிருந்து ஆவி இறங்கி வந்தது என்று நான் எழுதச் சொன்னதை, பானத்திலிருந்து வந்தது என்று ஒரே குரலில் வாசித்தார்கள்.

பெந்தெகொஸ்தே நாள் கதை அது. ஆவி இறங்கியதும் சீடர்கள் பல பாஷைகளில் பேசத் தொடங்குகிறார்கள். கூடியிருந்தவர்கள் இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்கிறார்கள். பேதுரு எழுந்து நின்று, இல்லை ஐயா, மணி இன்னும் ஒன்பதுகூடத் தாண்டவில்லையே என்று பதில் சொல்லிப் பிரசங்கம் செய்கிறார். பல பாஷை பேசிய அதிசயத்தை நான் கையை ஆட்டி ஆட்டி விவரித்தேன். பிள்ளைகள் ஒருவர் முகத்திலும் அதிசயம் இல்லை.

"இதுல என்ன தீதி இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா. "நாங்களும்தான் பேசறோம். வீட்ல தமிழ், ரோட்ல பாங்லா, ஸ்கூல்ல இங்கிலீஷ், பூஜா பந்தல்ல ஹிந்திப் பாட்டு."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள். "ஒன்பது மணிக்கு மேலன்னா குடிச்சிருப்பாங்களா?"

ஸ்டெல்லாவுக்குப் பதினோரு வயது. அப்பா செல்லையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அம்மா இல்லாத பெண். வீட்டில் சமையல் இவள்தான். வாய் ஓயாது. இவள் ஒரு வாரம் வராவிட்டால் கூடத்தில் புறாச் சத்தம் கேட்கும்.

ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று உத்தரவு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் போனபிறகு பன்னிரண்டில் ஓர் இடம் காலி. அந்த இடத்துக்கு யுஸ்து, மத்தியா என்று இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போடுகிறார்கள். மத்தியாவுக்கு விழுகிறது. அதிலிருந்து தொடங்கி பேதுருவின் பிரசங்கத்தோடு முடித்துவிடலாம். பதினோரு அப்போஸ்தலர், இரண்டு வேட்பாளர், ஆகப் பதின்மூன்று. என் வகுப்பிலும் சரியாகப் பதின்மூன்று பிள்ளைகள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கு எந்த வேஷம் என்பதையும் அப்போஸ்தலர்கள் வழியிலேயே சீட்டுப் போட்டு முடிவு செய்தேன். பிஸ்கட் டப்பாவில் பதின்மூன்று சீட்டு. வகுப்பிலேயே சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். ஸ்டெல்லாவுக்குப் பேதுரு விழுந்தது. கொலுசு குலுங்கக் கூடத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தாள். யுஸ்து எட்வினுக்கு விழுந்தது.

எட்வின் பேச மாட்டான். திக்குவாய் என்று சொல்ல முடியாது. வாயைத் திறப்பான், காற்று வரும், மூடிக்கொள்வான். சீட்டைப் பார்த்துவிட்டு என் அருகில் வந்து ரகசியமாகக் கேட்டான்.

"யுஸ்துவுக்கு டயலாக் உண்டா தீதி?"

"ஒண்ணும் கிடையாது. நிக்கணும், தோக்கணும், போயிடணும்."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதில் நான் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம், எட்வினின் அப்பா. ஞானமுத்து சார் எங்கள் சண்டே ஸ்கூலுக்குச் சூப்பரின்டெண்ட். மற்ற நாட்களில் எங்கள் அலுவலகத்தில் ஹெட் கிளார்க், என் மேஜைக்கு நேர் எதிர் மேஜை. ஆக வாரத்தில் ஏழு நாளும் எனக்கு மேலதிகாரி அவர்தான். உலகத்தைப் படைத்தவரே ஒரு நாள் ஓய்ந்திருந்தார், ஞானமுத்து சார் ஓய்ந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு கோப்போடு என்னைக் கூப்பிட்டார். கோப்பைப் பிரிக்காமலே கேட்டார்.

"வேசத்துக்குச் சீட்டுப் போட்டியாமே?"

"ஆமா சார். அப்போஸ்தலர்களே அப்படித்தான..."

"அது சரி. போடுததுக்கு முன்னால ஜெபம் பண்ணுனியா?"

பண்ணவில்லை. சிங்காரா ஆறிவிடப் போகிறதே என்ற அவசரத்தில் மறந்துவிட்டேன். வங்காளிகளின் சமோசாவுக்கு சிங்காரா என்று பெயர். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொன்று கொடுப்போம். வருகைப் பதிவேடு நிரம்பியதற்கு என் போதனை காரணமில்லை.

"இல்ல சார்."

"அப்பம் அது செல்லாதும்மா. ஜெபம் பண்ணாமப் போட்டா அதுக்குப் பேரு லாட்டரி. வார ஞாயித்துக்கிழம ஜெபம் பண்ணிட்டு முறையாப் போடு." கோப்பைத் திறந்தார். "பேதுரு வேசத்துக்குக் கொஞ்சம் நல்ல குடும்பத்துப் பிள்ளையா அமைஞ்சா நல்லாருக்கும். அதுவும் கர்த்தர் சித்தம்தான். பெறவு, ஒன் கன்ஃபர்மேஷன் பேப்பர் இந்த மாசம் எங்கிட்ட வருது. ஞாபகம் இருக்கட்டும்."

இரண்டு விஷயங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவே இல்லை. இப்போதும் நான் அதைச் சொல்ல வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். வேலை நிரந்தரமாகாவிட்டால் அதே டிரங்குப் பெட்டியோடு பாளையங்கோட்டைக்குத் திரும்ப வேண்டும். அங்கே என்னைக் கட்டிக்கொடுப்பதற்கு ஒரு ரப்பர் எஸ்டேட் சூப்பர்வைசரைப் பார்த்து வைத்திருந்தார்கள். அவருடைய புகைப்படத்தை நான் பார்த்திருந்தேன். இதற்கு மேல் என் பயத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறு நீளமாக ஜெபம் செய்தேன். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்னும் ஜெபித்ததில்லை, பின்னும் ஜெபித்ததில்லை. பிறகு, இந்தத் தடவை தீதியே எடுத்துக் கொடுப்பேன் என்றேன். பேதுரு என்று எழுதிய சீட்டு டப்பாவில் இல்லை. என் கைக்குட்டைக்குள், மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இருந்தது. முதலில் எட்வினைக் கூப்பிட்டேன். கடைசியாக மிஞ்சிய சீட்டு ஸ்டெல்லாவுடையது. பிரித்துப் பார்த்தாள். யுஸ்து. தலையெழுத்து பாருங்கள், அதை மட்டும் நான் திட்டமிடவில்லை.

அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"தீதி, போன வாரம் கர்த்தர் தப்பா எடுத்துட்டாரா?"

"ஏட்டி, பேசாம இரு" என்றேன். பன்னிரண்டு அப்போஸ்தலர்களைப் பற்றி ஒரு வருஷம் பாடம் நடத்திய ஆசிரியை அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான்.

ஒத்திகை தொடங்கியது. எட்வின் நடுவில் வந்து நிற்பான். "சகோதரரே" என்பது முதல் சொல். ச வரும், மற்றது வராது. மேடை ஓரத்தில் தன் வேஷம் முடிந்து உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லா மெதுவாக எடுத்துக் கொடுப்பாள். அவன் அவளைப் பார்ப்பான், காது சிவக்கும், தலையைக் குனிந்துகொள்வான். நான் பன்னிரண்டு வரிப் பிரசங்கத்தை ஏழு வரியாகக் குறைத்தேன். ஏழை மூன்றாக்கினேன். இதைக் கேள்விப்பட்ட ஞானமுத்து சார், பேதுருவுக்கு வசனம் போதவில்லை என்று அலுவலக முழுத்தாளில் இரண்டு பக்கம் சொந்தமாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். நடுவில் 'மேற்படி விஷயம் தொடர்பாக' என்றுகூட ஒரு இடத்தில் வந்தது.

"வீட்ல அப்பாகிட்டச் சொல்லிப் பாத்தியா?" என்று எட்வினைக் கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினான். அப்பாவிடம் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர் பேசுவார், இவன் கேட்பான். அந்த வீட்டில் வேறு ஏற்பாடு கிடையாது.

தாடிக்கு என்ன செய்வது என்று பெரிய யோசனை. பஞ்சு ஒட்டினால் அப்போஸ்தலர்கள் தாத்தாக்களாகிவிடுவார்கள். கல்கத்தாவில் சணலுக்கா பஞ்சம்? கிதர்பூர் சந்தையில் ஒரு கட்டு வாங்கி, அலசி, ஈரம் காயும் முன்னே சீவி, நாடாவில் வைத்துத் தைத்தேன். பதின்மூன்று தாடி. கண்ணுக்குக் கீழிருந்து நெஞ்சு வரைக்கும் வந்தது. தலைக்குத் துண்டு, உடம்புக்குப் படுக்கை விரிப்பு. கட்டி முடித்து வரிசையாக நிறுத்தினால் யார் பையன், யார் பெண் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் தும்மினார்கள்.

விழா டிசம்பரில். ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். ஐந்தே காலுக்குக் கரண்ட் போனது. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கரண்ட் இருந்திருந்தால்தான் சொல்லியிருப்பேன். படம் எடுக்க வந்தவர் வெளிச்சமில்லை என்று கேமராவை மூடிக்கொண்டு போனார். வங்காளிச் சபைக் காவலாளி ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தார். அடிக்கடி காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மங்கிவிடும். அந்த வேலை எனக்கு.

முதல் காட்சி சீட்டு. மத்தியாவுக்கு விழுந்தது. யுஸ்து தலை குனிந்து, யாரும் எதிர்பார்க்காத உற்சாகத்தோடு விடுவிடுவென்று உள்ளே போனார். தோற்றவருக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது காட்சி தொடங்கிவிட்டது. பின்வரிசை அப்போஸ்தலர்களே கூட்டமாக மாறிக் கேலி செய்தார்கள். பேதுரு எழுந்து முன்னால் வந்தார். நடந்து வரும்போது ஜல் ஜல் என்று சத்தம்.

பேதுரு கொலுசு போட்டிருந்தார்.

என் கை விளக்கின் பம்ப்பில் இருந்தது. முன் பெஞ்சில், மூன்றடி தூரத்தில், ஞானமுத்து சார் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாலு தடவை காற்றடித்தால் வெளிச்சம் பளீரென்று வரும். நான் கையை எடுத்துவிட்டேன். விளக்கு மெதுவாக மங்கி மஞ்சளானது. சீட்டில் செய்த வேலைக்கு என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது. இதற்கு ஒன்றுமே தேவைப்படவில்லை.

"சகோதரரே!" என்றார் பேதுரு. கூடத்தில் இருந்த புறாக்கள் பறந்தன. "நாங்க குடிச்சிருக்கோம்னு நெனைக்காதீங்க! மணி ஒன்பதுகூட ஆகலை! இது பானத்திலிருந்து வந்தது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் அது வானம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். என் மூன்று வரியும் இல்லை, ஞானமுத்து சாரின் இரண்டு பக்கமும் இல்லை. முதல் சீட்டு விழுந்த வாரம் நான் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு வரியும் முழுசாக வந்தது. 'மேற்படி' வரவில்லை. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும் பிள்ளைகள் உள்ளே ஓடின. நான் போவதற்குள் தாடிகள் குவியலாகத் தரையில் கிடந்தன. ஞானமுத்து சார் பின்னாலேயே வந்து எட்வினை அப்படியே அணைத்துக்கொண்டார். அவர் கண்களில் தண்ணீர்.

"எம் பிள்ளைக்கு நாவைத் தொறந்துட்டாரே கர்த்தர்! பாத்தியாம்மா? ரெண்டாந்தரம் சீட்டுப் போட்டதுனாலதான்!"

எட்வின் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்தபடி நின்றான். அப்பா அவனை அணைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? அந்த நேரத்தில் அங்கே நின்று பாருங்கள்.

ஸ்டெல்லா என் முந்தானையை இழுத்தாள். மூக்கெல்லாம் சணல் தூசி. "தீதி, எப்படி?"

பக்கத்தில் அவர் நிற்கிறார். "யுஸ்து ரொம்ப நல்லாப் பண்ணினாரு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாசலில் செல்லையா அண்ணாச்சி மகளுக்காகக் காத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஸ்டெல்லா நல்லா நடிச்சா அண்ணாச்சி" என்று ஆரம்பித்தேன்.

"எம் மவ குரல் எனக்குத் தெரியாதா டீச்சரம்மா?" என்றார். "மூணு வாரமா ரெண்டு பிள்ளையளும் எங்க வீட்டு மாடிப்படியிலதான். இவ சோறு வடிச்சிக்கிட்டே குடிக்கலை குடிக்கலைன்னு கத்துவா. பாங்லாவுல வேற சொல்லிப் பாப்பா. மேல் வீட்டு பௌதி, அந்த வங்காளிக்காரம்மா, இறங்கி வந்து, ஒங்க வீட்டுல யாரு குடிக்கான்னு கேட்டுட்டுப் போச்சி."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டாவது சீட்டு, நீங்களா எடுத்துக் குடுத்தீங்களாம்லா."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"விடுங்க. எனக்கும் மேல ஒரு ஃபோர்மேன் இருக்கான்." மகளைத் தோளில் தட்டி நடக்கச் சொன்னார். இரண்டு பேரும் டிராம் நிறுத்தம் பக்கம் போனார்கள். இருட்டில் கொலுசுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஜனவரியில் என் வேலை நிரந்தரமானது. அறிக்கையில் ஞானமுத்து சார், பொறுப்புகளை நேர்மையுடன் நிறைவேற்றுபவர் என்று எழுதியிருந்தார். கோடைக்கு முன் செல்லையா அண்ணாச்சிக்கு ஹல்தியாத் துறைமுகத்துக்கு மாற்றல். கடைசி ஞாயிறு எனக்கு இன்ஃப்ளுயன்ஸா, வகுப்புக்குப் போகவில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டியதை அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறகு நானும் சென்னைக்கு மாற்றலாகி வந்தேன். ஞானமுத்து சார் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வீடு கட்டினார். எப்போது ஊருக்குப் போனாலும் அந்தப் பிரசங்கக் கதையைச் சொல்வார். வருஷத்துக்கு வருஷம் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் பாஸ்டர் தேம்பி அழுதார் என்ற அளவுக்கு வந்துவிட்டது. எட்வின் கப்பலில் என்ஜினியர் ஆனான். என்ஜின் அறை, அங்கே சத்தத்தில் யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை. ஞானமுத்து சார் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "பேதுருவும் படகுல போனவருதானம்மா."

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் காலமானார். அடக்க ஆராதனையில் புதிதாக வந்த இளம் பாஸ்டர், பதினோரு வயதிலேயே கல்கத்தாவில் பேதுருவாக நின்று பிரசங்கித்த மகனைப் பெற்ற பாக்கியவான் என்று சொன்னார். எல்லாரும் எட்வினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் நடந்து வந்தான். தலை நரைத்துவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னான்.

"அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது சொல்லிட்டேன். பேசினது நான் இல்லப்பா, ஸ்டெல்லான்னு."

எனக்கு நடை நின்றுவிட்டது. "என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'ஏல போ, எனக்குப் புத்தி மாறிட்டுன்னு நெனச்சியா? நீ பேசுனத முன் பெஞ்சில இருந்து என் ரெண்டு கண்ணால பாத்தேம்ல' அப்படின்னாரு." பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசலை."

என்னிடம் அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்தத் தமிழ் ஆராதனை இப்போது இல்லை. துறைமுகத்தில் தமிழ் ஆட்கள் குறைந்துபோனார்கள். மாற்றலாகி வருகிறவர்கள் பிள்ளைகளை ஆங்கில ஆராதனைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கட்டத்தில் வங்காளிச் சபையே கூடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாம். செல்லையா அண்ணாச்சி உயிரோடு இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஹல்தியாவில் தன் கப்பல் நின்ற இரண்டு தடவையும் எட்வின் இறங்கிப் போய் ஸ்டெல்லாவைப் பற்றி விசாரித்திருக்கிறான். கிரேன் ஓட்டிய தமிழர் ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கு அறுபது நெருங்கியிருக்கும். எந்த ஊரில், எந்தப் பாஷையில் யாரை அதட்டிக்கொண்டிருக்கிறாளோ.

அந்தச் சாயங்காலத்துக்குப் படமும் கிடையாது, பதிவும் கிடையாது. நடந்தது என்னவென்று தெரிந்தவர்களில் ஒருத்தி இருக்கும் இடம் தெரியவில்லை, ஒருவன் பேச மாட்டான். மிச்சம் நான்தான். என் சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, அந்தக் கைக்குட்டையைப் பற்றிச் சொன்னபோதே நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள்.